கார்பெட் துரையின் துப்பாக்கிகள்

சென்ற குளிர்கால விடுமுறையில் ஊருக்குச் செல்ல இரயிலில் இடம் கிடைக்காத நாங்கள் நால்வர், தில்லியிலிருந்து இரவுப் பேருந்தேறிக் காலாடுங்கி என்னும் சிற்றூருக்குச் சென்று வந்தோம். இமயத்தின் அடிவாரத்தில், இராம்நகருக்கும் நைனிதாலுக்கும் இடைப்பட்ட வழியில் அமைந்த ஊர் அது. அங்கே ஒரு பழைய வீடு இன்று காட்சிச்சாலையாக விளங்குகிறது. ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட் குளிர்காலந்தோறும் வாழ்ந்த வீடு அதுதான்.

புலிக்கதை கேட்கும் ஆவலோடு போனவன் நான். திரும்பும்போதோ என் உள்ளத்தில் நிறைந்திருந்தவை புலிகளல்ல, துப்பாக்கிகள். அதற்குக் காரணம் உண்டு. புறப்படுவதற்கு முதல் நாள் ஊரிலிருந்து அப்பா தொலைபேசியில் பேசினார். மறைந்த தாத்தாவின் துப்பாக்கியை விற்றுவிடலாமா, உரிமத்தை அப்பா பெயருக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சத்தியமங்கலம் மலையடிவாரத்தில், நிலக்கடலைக் காட்டைப் பன்றிகளிடமிருந்து காப்பதற்காகத் தாத்தா உரிமம் பெற்று வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. வானை நோக்கிச் சுட்டு ஓசை எழுப்புவதைத் தவிர அவர் அதைக் கொண்டு வேறொன்றும் செய்ததை நான் கண்டதில்லை. ஆயினும் அதைத் தோளில் சார்த்தியபடி அவர் வரப்பில் நடந்து வரும் காட்சி இன்றும் என் கண் முன் நிற்கிறது. அப்பாவுக்கு என்ன விடை சொல்வதென்று தெரியாமலே நான் பேருந்து ஏறினேன். அந்த விடையைக் கார்பெட்டின் வாழ்க்கையில் தேடியதன் பயனே இக்கட்டுரை.

பித்தளைக் கம்பி கட்டிய முதல் துப்பாக்கி

ஜிம் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிதாலில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சலகத் தலைவர். கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் காலாடுங்கி என்பது அக்குடும்பத்தின் வழக்கம். ஜிம்முக்கு ஆறு வயது நிறையுமுன்னே தந்தை மறைந்தார். பிள்ளைகள் பலர், வருவாயோ சிறிது. மூத்த தமையன் டாம் குடும்பப் பாரத்தைத் தோளில் ஏற்றார்.

செல்வர் வீட்டுப் பிள்ளையாயிருந்தால் இலண்டன் மாநகரத்துக் கடையிலிருந்து அளவெடுத்துச் செய்த துப்பாக்கி கப்பலில் வந்திருக்கும். ஜிம்முக்குக் கிடைத்ததோ உறவினர் ஒருவர் கொடுத்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. மருந்தையும் ரவையையும் குழலின் வாய் வழியே திணித்துச் சுட வேண்டிய பழங்காலத்து வகை. அதன் வலக்குழல் என்றோ வெடித்துப் பிளந்து போயிருந்தது. முறிந்த கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியால் இறுகக் கட்டப்பட்டிருந்தன. இடக்குழல் ஒன்றே பயன்பட்டது. மருந்தும் ரவையும் அருமையாகவே கிடைத்ததால் ஒவ்வொரு வெடியையும் எண்ணி எண்ணிச் செலவிட வேண்டியிருந்தது. அந்த வறுமைதான் அவருக்கு முதல் ஆசான் என்பேன். ஒரே குண்டு உள்ளவன் நெருங்கிச் சென்றுதான் சுட முடியும். நெருங்கிச் செல்ல வேண்டுமானால் காட்டின் மொழியைக் கற்றாக வேண்டும். எந்தப் பறவை எதைக் கண்டு கத்துகிறது, எந்தச் சருகு யார் காலடியில் நொறுங்குகிறது என்பனவற்றையெல்லாம் சிறுவன் கற்றுக்கொண்டான்.

அடுத்து, பள்ளியின் மாணவர் படையில் சேர்ந்தபோது, .450 மார்ட்டினி ரைபிள் ஒன்று அவர் கைக்கு வந்தது. மார்ட்டினி ஹென்றி என்பது 1871 இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாகச் செய்யப்பட்டது. வளர்ந்த போர்வீரனின் தோளை எண்ணிச் செய்த அது, சுடும்போது சிறுவனின் தோளைப் பின்னோக்கி இடித்துத் தள்ளும். எனினும் ஏறத்தாழப் பத்து வயதிலேயே அதைக் கொண்டு அவர் தம் முதல் சிறுத்தையை வீழ்த்தினார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று நம் முன்னோர் சொன்னது வீண்போகவில்லை.

அளவெடுத்ததும் அச்சில் வார்த்ததும்

இங்கே சிறிது நின்று, துப்பாக்கி வணிகத்தைப் பற்றி நான் அறிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். வேட்டைக்காரர்கள் ஏன் சில துப்பாக்கிகளைத் தேடி வாங்குகின்றனர், ஏன் அவற்றையே விற்றுவிடுகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பது போலவே, அந்நாளில் இலண்டனில் அளவு கொடுத்துத் துப்பாக்கி செய்துகொள்வர். கையின் நீளம், கழுத்தின் உயரம், தோளின் அகலம், கன்னத்தின் அமைப்பு ஆகியவற்றை அளந்து அவற்றுக்கேற்பக் கட்டையைக் கடைவர். அத்தகைய துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கியவுடனே கண்ணும் குறியும் தாமாகவே ஒரு நேர்க்கோட்டில் வந்து நிற்கும். புதரிலிருந்து பாய்ந்து வரும் விலங்கின் முன் நின்று குறிபார்க்க ஒருவனுக்கு நேரமேது?

இரட்டைக்குழல் ரைபிள் செய்வது இன்னும் அரிய வேலை. அருகருகே வைத்த இரண்டு குழல்களும் ஒரே இலக்கில் குண்டைச் சேர்க்க வேண்டும். கைவினைஞர் சுட்டுப் பார்ப்பார். குழல்களைப் பிணைத்த ஈயப் பற்றை உருக்கி, முனையில் வைத்த ஆப்பை மயிரிழையளவு நகர்த்தி, மீண்டும் பற்றவைத்து மீண்டும் சுடுவார். இரு குண்டும் ஓரிடத்தில் சேரும் வரை இவ்வேலை தொடரும். இதனாலேயே அதன் விலை எளியோர்க்கு எட்டாத உயரத்தில் நின்றது. ஒரு குழலின் விசை பழுதானாலும் மற்றொன்று காக்கும். இரண்டாம் குண்டு இமைப்பொழுதில் கிளம்பும். புலிக்கும் யானைக்கும் எதிரே நிற்பவன் அந்த இமைப்பொழுதுக்காகவே பெரும்பொருள் கொடுத்தான்.

ஆனால் அந்த அருமையே அதன் குறையும் ஆயிற்று. ஒருவன் உடலுக்கு அளந்து செய்தது மற்றவன் தோளில் பொருந்தாது. எந்தத் தோட்டாவுக்கென்று இரு குழல்களும் இணைக்கப்பட்டனவோ அந்தத் தோட்டா கிடைக்காவிடில் குண்டுகள் வழி பிரிந்து போகும். பழுது நேர்ந்தால் கடல் கடந்து செய்தவரிடமே அனுப்ப வேண்டும். சட்டமும் குறுக்கே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படைத்துப்பாக்கிகளுக்குப் பொருந்தும் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய ஆங்கில அரசு, .450 அளவுள்ள ரைபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடைவிதித்தது. உடனே இலண்டன் கடைகள் .465, .470 என்று புதிய அளவுகளைப் படைத்தன. வேட்டைக்காரர்களின் விருப்பமும் வணிகமும் ஒரே ஆணையால் திசைமாறிவிட்டன.

தொழிற்சாலைத் துப்பாக்கியின் கதை வேறு. ஒன்றைப் போலவே மற்றொன்று, உறுப்பு பழுதானால் அதே உறுப்பை வாங்கிப் பொருத்தலாம், தோட்டா எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. விற்க நினைத்தாலும் வாங்குவோன் தயங்கமாட்டான். ஏனெனில் அது யாருக்காகவும் செய்யப்பட்டதன்று, எல்லாருக்காகவும் செய்யப்பட்டது. நம் பக்கத்துக் காடுகளில் இதற்கு நல்ல சான்று உண்டு. பெங்களூரில் வாழ்ந்து, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடியலைந்த கென்னத் ஆண்டர்சன் தம் வாழ்நாளில் பெரிதும் நம்பியது .405 வின்செஸ்டர் ரைபிளை. அமெரிக்கத் தொழிற்சாலையில் பிறந்த சரக்கு அது. 1974 இல் அவர் மறையும் வரை, அதனாலேயே அவர் பெயரும் நின்றது.

சம்பாவத்தில் கடன் வாங்கிய துப்பாக்கி

கார்பெட் செல்வரல்லர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் இரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர்க் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில் சரக்குகளை ஓடத்துக்கும் வண்டிக்கும் மாற்றும் ஒப்பந்தக்காரராக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். கூலியாட்களோடு தாமும் மூட்டை சுமந்தார். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் குமாவோன் மலைக்கு ஓடிவருவார்.

1907 இல் அவ்வாறு வந்தபோதுதான் சம்பாவத் பெண்புலியை எதிர்கொண்டார். நேபாளத்தில் 200 பேரையும் குமாவோனில் 236 பேரையும், ஆக 436 மனிதர்களைக் கொன்ற விலங்கு அது. ஊர்மக்கள் கதவைத் திறக்கவும் அஞ்சிய காலம். ஊர் ஆட்களைத் திரட்டி மலைச்சரிவில் ஓசையெழுப்பச் செய்து புலியை வெளிக்கொணர்ந்தார். அவர் கையில் இருந்தது .500 ரைபிள், தோட்டாக்களோ மூன்றே. மூன்றும் செலவாயின. காயமுற்ற புலி எதிரே பாறையில் நிற்கிறது. கையில் இருப்பது வெறுந்துப்பாக்கி. ஓடிச்சென்று, உடன் வந்திருந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். நெருங்கிய பிறகே கண்டார், அதன் குழலுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இடைவெளி தெரிவதை! சுட்டால் சுடுபவன் முகத்திலேயே வெடிக்கக்கூடிய நிலை. வேறு வழியில்லை; புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு போய்ப் பட்டதோ அதன் முன்காலில்! நல்ல வேளையாக முன் பட்ட குண்டுகளால் அதன் உயிர் பிரியும் தறுவாய் வந்திருந்தது.

நண்பர்களே, இதைவிடப் பெரிய செய்தி பிறகு தெரிந்தது. அப்புலியின் வாயின் வலப்புறத்து மேல் கோரைப்பல்லும் கீழ் கோரைப்பல்லும் முறிந்திருந்தன. ஒன்று பாதி வரை, மற்றொன்று எலும்பு வரை. என்றோ எவனோ சுட்ட குண்டின் வேலை அது. இயற்கையான இரையைக் கொல்லும் ஆற்றலை இழந்ததனாலேயே அது மனிதரைத் தின்னத் தொடங்கிற்று என்பது கார்பெட் கண்ட முடிவு. குறிதவறிய ஒரு குண்டின் விலை 436 உயிர்கள்! துப்பாக்கி தோளில் பொருந்துகிறதா இல்லையா என்பது செல்வரின் பொழுதுபோக்குப் பேச்சு என்று அதுவரை நான் எண்ணியிருந்தேன். அன்றுதான் அந்த எண்ணம் மாறிற்று. நன்றாகச் சுட முடியாதவன் சுடவே கூடாது. சுட்டுக் காயப்படுத்திவிட்டு வீடு திரும்புகிறவனின் பிழைக்கு, அவனை அறியாத ஏதோ ஒரு மலையூரின் பெண் புல்லறுக்கச் சென்ற இடத்தில் விலை கொடுக்கிறாள்.

பரிசாக வந்த ரிக்பி

சம்பாவத் மக்களின் துயர் தீர்த்ததற்காக, அன்று ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநராயிருந்த சர் ஜான் ஹிவெட், கார்பெட்டுக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். இலண்டன் ஜான் ரிக்பி கம்பெனியின் .275 ரைபிள் அது. கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் பரிசின் காரணம் பொறிக்கப்பட்டிருந்தது.

இந்த ரைபிளின் பிறப்பு எனக்கு மிகுந்த வியப்பளித்தது. அதன் இயங்கு பகுதி ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் நகரத்து மௌசர் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதனை வாங்கி முழுத் துப்பாக்கியாக்கிச் செப்பனிட்டவர்கள் ரிக்பி கடையார். தொழிற்சாலையின் உறுதியும் கைவினையின் நேர்த்தியும் ஒன்றுகூடிய பொருள் என்று அதனைச் சொல்லலாம். இரட்டைக்குழல் ரைபிளைப் போல் பளுவானதன்று. நாள் முழுதும் மலையேறுகிறவன் களைப்பின்றிச் சுமக்கலாம். தாமே தேர்ந்து பேரம் பேசி வாங்கியதன்று; பரிசாக வந்தது. ஆனால் அதுவே அவர் உடலின் ஓர் உறுப்பாகிவிட்டது.

1926 மே மாதத்தில், எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்ற ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை மாமரத்தின் மேல் இரவுகள் பல காத்திருந்து வீழ்த்தியது இந்த ரிக்பி. பத்ரிநாத யாத்திரை செல்லும் அடியார்கள் இருட்டில் நடக்க அஞ்சிய வழி அன்றோடு அச்சம் நீங்கிற்று.

1930 ஏப்ரலில் சௌகட் பெண்புலியை எதிர்கொண்ட நிகழ்ச்சி இன்னும் வியப்பானது. 64 பேரைக் கொன்ற அப்புலியைத் தேடிப் பள்ளத்தில் இறங்கும்போது, வழியில் கண்ட பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டை இடக்கையில் எடுத்துக்கொண்டார். முட்டை சேர்ப்பது அவருக்குச் சிறுவயது முதலே விருப்பம். பெரியதொரு பாறையைச் சுற்றித் திரும்பிப் பார்த்தால், எட்டடித் தொலைவில் புலி அவர் முகத்தையே நோக்கிப் படுத்திருக்கிறது! இடக்கையில் முட்டை, வலக்கையில் மார்புக்குக் குறுக்கே பிடித்த ரைபிள். சட்டென அசைந்தால் புலி பாயும். ஒரு கையாலேயே ரைபிளை அணு அணுவாகச் சுழற்றினார். குழல் முனை புலியை நோக்கி வந்து நின்றதும் விசையை அழுத்தினார். முட்டைகள் உடையவில்லை, அவற்றைக் கூட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தார். அந்த இடத்தில் பளுவான இரட்டைக்குழல் ரைபிள் கையில் இருந்திருந்தால் அது இயன்றிருக்குமா என்பதைப் படிப்போரே எண்ணிப் பார்க்கட்டும்.

இதனால் இரட்டைக்குழலை அவர் ஒதுக்கினார் என்று கொள்ளலாகாது. ஜெஃப்ரி கம்பெனியின் .450/400 இரட்டைக்குழல் ரைபிளும் அவரிடம் இருந்தது. அடர்ந்த புதரில் அருகே சுட வேண்டிய இடத்தில் அதை எடுப்பார். நெடுந்தூரம் நடக்க வேண்டிய நாளில் ரிக்பியை எடுப்பார். எது உயர்ந்தது என்பதைவிட எந்த வேலைக்கு எது என்பதே அவர் கேட்ட கேள்வி.

கைவிட்டுப் போனவை

ஆண்டுகள் செல்லச் செல்லத் துப்பாக்கியைவிடப் படக்கருவியே அவர் தோளில் மிகுதியாகத் தொங்கியது. மனிதரைக் கொல்லாத புலியைக் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை. 1936 இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இராமகங்கைக் கரையில் அமைவதற்கு உழைத்தோருள் அவரும் ஒருவர். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1944 இல் வெளிவந்த குமாவோன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது.

1947 இல் நாடு விடுதலை பெற்றபின், அவ்வாண்டின் இறுதியில் தமக்கை மேகியோடு கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். அந்நாளில் இந்தியாவைவிட்டுச் சென்ற ஆங்கிலேயர் பலர் தம் துப்பாக்கிகளை விற்றுச் சென்றனர். கார்பெட் தம் நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டுச் சென்றார். பயிர்க் காவலுக்கென்று ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கியை ஊரார் கையில் கொடுத்தார். அதுபற்றி ஊர்க்காரர் ஒருவர் எங்களிடம் சொன்னபோது என் மனம் சத்தியமங்கலத்துக்குப் பறந்துவிட்டது.

1955 ஏப்ரல் 19 அன்று, எழுபத்தொன்பதாம் வயதில், கென்யாவின் நையேரி நகரில் கார்பெட் மறைந்தார். ரிக்பி ரைபிள் அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் சென்று, நெடுங்காலம் அங்கே இருந்தது. 2015 இல் ரிக்பி கம்பெனியே அதை வாங்கிக்கொண்டது. செய்தவர் கைக்கே பொருள் திரும்பிற்று. அதே ஆண்டில் அவரது ஜெஃப்ரி ரைபிள் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்து, இரண்டரை இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அந்தப் பணம் எஃகுக்கும் மரத்துக்கும் கொடுத்ததன்று. அதைத் தொட்ட ஒரு கைக்குக் கொடுத்தது. ஆனால் அந்தக் கையை எந்தக் கடையிலும் வாங்க முடியாதே!

இந்தியாவில் 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைத் துப்பாக்கிகளின் தொழிலே முடிந்தது. 1973 இல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியதும் கார்பெட் பூங்காவில்தான். கொல்லும் கருவியால் புகழ்பெற்ற மனிதனின் பெயர் காக்கும் இடத்துக்கு நிலைத்தது.

திரும்பி வரும் பேருந்தில் தாத்தாவின் துப்பாக்கியை எண்ணிக்கொண்டே வந்தேன். அதன் கட்டை மிக நீளமென்று ஊர் ஆசாரியிடம் கொடுத்து, தம் குட்டைக் கைக்கேற்ப இரண்டு விரற்கடை அறுக்கச் செய்திருந்தார் அவர். இலண்டன் கடை செய்ததை எங்களூர் ஆசாரி அரை நாளில் செய்தார்! அப்பாவோ நெட்டையர்; அவர் தோளில் அது ஒருநாளும் பொருந்தாது. பொருந்தாத துப்பாக்கியை வைத்திருப்பவன் என்றேனும் ஒருநாள் பன்றியைக் காயப்படுத்துவான். காயம்பட்டது காட்டுக்குள் சென்று என்ன ஆகுமென்பதைச் சம்பாவத் நமக்குச் சொல்லியிருக்கிறது.

தில்லி வந்து இறங்கியவுடன் அப்பாவை அழைத்து, முறைப்படி அதைக் கொடுத்துவிடலாம் என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, தாமும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். ஆசாரி அறுத்தெறிந்த அந்த இரண்டு விரற்கடை மரத்துண்டு இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறதாம். அதற்கு உரிமம் வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்குச் செல்லும்போது அதை எடுத்து என் மேசை மேல் வைத்துக்கொள்ளப் போகிறேன்.